நைரோபி: நின்று பார்க்க விடாத நகரம்

ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று பருத்திச் சட்டைகளாக அடுக்கிக்கொண்டு போனவன் நான். ஜூலை மாதம் நைரோபியில் இறங்கி முதலில் வாங்கிய பொருள் ஒரு ஸ்வெட்டர். பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்தான். ஆனால் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாசாய் மொழியில் 'குளிர்ந்த நீர்' என்பதிலிருந்து வந்த பெயராம். கிளம்புவதற்கு முன்பே படித்திருக்கலாம்.

அலுவலக வேலை முடிந்து கையில் இரண்டு நாள் மிச்சம். பழைய கட்டிடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிவது என் வழக்கம். நைரோபியில் அது அவ்வளவு சுலபமில்லை. டாம் ம்போயா தெருவில் நடைபாதையில் நின்றால், பின்னால் வரும் கூட்டம் உங்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஓரமாக ஒதுங்கினால் அங்கே மட்டாட்டு நிற்கும். மட்டாட்டு என்பது தனியார் மினி பஸ். ஒரு காலத்தில் கட்டணம் மூன்று நாணயம். சுவாஹிலியில் மூன்றுக்கு 'டாட்டு', அதனால் அந்தப் பெயர். உடம்பெல்லாம் ஓவியம், உள்ளே காது கிழியும் பாட்டு. நடத்துனர் வாசலில் தொங்கியபடி விரல் இடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகியிருந்தார். வண்டியை நிறுத்த விசில் கிடையாது, தகரத்தில் இரண்டு தட்டு. அந்த நோட்டு மடிப்பைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

ஒரு கட்டிடத்தின் முன் போனை எடுத்ததும் காவலாளி ஓடிவந்தார். "ஹகூனா பிச்சா!" பிச்சை கேட்கிறாரோ என்று சட்டைப்பையில் கைவிட்டுவிட்டேன். பிச்சா என்றால் படம். படம் எடுக்கக் கூடாது என்கிறார். விஷயம் புரிந்ததும் இருவரும் சிரித்தோம், ஆனால் படம் எடுக்க விடவில்லை.

கென்யாட்டா அவென்யூவில் மட்டும் கொஞ்சம் நிற்க முடிந்தது. மாட்டு வண்டிகள் திரும்புவதற்காக அகலமாகப் போட்ட சாலை என்கிறார்கள். அங்கேதான் கிபாண்டே ஹவுஸ் இருக்கிறது. 1913இல் எழுந்த கல் கட்டிடம், இன்றைக்கு வங்கி. பார்க்க அடக்கமாக, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கிபாண்டே' என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் ஆப்பிரிக்க ஆண்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டியிருந்த அடையாளச் சீட்டு. அதைப் பதிந்து கொடுத்த இடம் இதுதான். சொந்த மண்ணில் நடமாட வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். அதன் பிறகு அந்தக் கல்லின் நேர்த்தியை ரசிக்க மனம் வரவில்லை.

மறுநாள் கென்யாட்டா சர்வதேச மாநாட்டு மையம். 28 மாடி, 105 மீட்டர், 1973இல் முடிந்தது. நார்வேக்காரர் கார்ல் ஹென்ரிக் நோஸ்ட்விக்கும் கென்யக் கட்டடக் கலைஞர் டேவிட் முட்டிசோவும் வடிவமைத்தது. அன்றைய ஆளுங்கட்சியின் தலைமையகமாகத் தொடங்கி, உலக வங்கிக் கூட்டம் வருகிறது என்றதும் பெரிதாக வளர்ந்த கட்டிடம். உருளை வடிவக் கோபுரத்துக்குப் பக்கத்தில் கூம்பு வடிவ அரங்கம், குவிந்த மொட்டு மாதிரி. எல்லாம் சுட்ட மண்ணின் நிறம். படங்களில் பார்த்தபோது முரட்டுத்தனமாகத் தெரிந்தது; நேரில் நின்றபோது, இந்த மண்ணிலிருந்தே முளைத்தது போல இருந்தது.

டிக்கெட் எடுத்தால் உச்சியில் உள்ள ஹெலிகாப்டர் தளத்துக்கே போகலாம். லிஃப்டில் ஏறி, கடைசியில் படிகள். மேலே யாரும் இடிக்கவில்லை, தகரத்தைத் தட்டவில்லை. தெற்கே தேசியப் பூங்காவின் புல்வெளி, விலங்குகள் திரியும் காடு நகரத்தின் கொல்லையில். கீழே, 1899இல் சதுப்பு நிலத்தில் ரயில் கிடங்கு போட்டபோது ஊர் தொடங்கிய பக்கம். இன்னொரு பக்கம் அப்பர் ஹில்லில் கண்ணாடிக் கோபுரங்கள். மின்விசிறிகூடத் தேவைப்படாத ஊரில் எதற்குக் கண்ணாடியால் மூடிவிட்டு உள்ளே ஏசி போட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

மாலை பியஷாரா தெரு. இந்திய பஜார் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இடம். துணிக்கடைகளில் கிட்டெங்கே, கங்கா என்ற வண்ண அச்சுத் துணிகள் மடிப்பு மடிப்பாகத் தொங்கின. திடீரென்று தூறல். ஒரு பழைய கடையின் முன்கூரைக்குக் கீழே பத்துப் பேருடன் ஒதுங்கினேன். ஊரே ஓர் இடத்தில் நின்றதை அப்போதுதான் பார்த்தேன். நிதானமாக எதிர்வரிசையின் மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

விடுதிக்குத் திரும்ப மட்டாட்டு நிறுத்தத்துக்கு ஓடினேன். காலையில் 50 ஷில்லிங் வாங்கிய அதே தடத்தில் இப்போது 100. ஏன் என்று கேட்டதற்கு நடத்துனர் வானத்தைக் காட்டினார். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். நானும் ஏறினேன்.