சைக்கிளும் காரும் மோதினால் யார் தலையில் விடியும்?

கிளிங்கிளிங்:
இரண்டு மாதம் முன்பு எனக்கு நடந்தது. சாயங்காலம், நல்ல வெளிச்சம். ஓரமாக நின்றிருந்த கார்களைத் தாண்டி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு காரின் டிரைவர் பக்கக் கதவு படாரென்று திறந்தது, அதில் மோதி விழுந்தேன். காறை எலும்பு முறிந்து, ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். சைக்கிளின் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை) வளைந்துபோனது. கார்காரர் என்ன சொல்கிறார் தெரியுமா? "கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, நீங்கள்தான் வேகமாக வந்து இடித்தீர்கள், கதவு ரிப்பேர் செலவைக் கொடுங்கள்." அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியோ ஒரு சின்னத் தொகையைச் சொல்லி, "முழுமையான இறுதித் தீர்வு" என்று ஒரு தாளை அனுப்பிக் கையெழுத்து கேட்கிறது.

நாம் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம், அதனால் பொதுவாகவே கேட்கிறேன். சைக்கிளும் காரும் மோதினால் பொறுப்பு கார்காரருக்குத்தான் என்று எல்லாச் சட்டமும் நெதர்லாந்து மாதிரி எழுதிவிட்டால் என்ன?

நாலுசக்கரம்:
உங்கள் எலும்பு சீக்கிரம் கூடட்டும். ஆனால் "எப்போதும் கார்காரன்தான்" என்பதை ஏற்க முடியாது. லைட் இல்லாமல் ஒருவழிப்பாதையில் எதிரே வருகிறவன், சிவப்பு விளக்கில் பாய்கிறவன், இவர்களுக்கெல்லாம் நான் ஏன் அழ வேண்டும்? லைசென்ஸ் எடுத்து, வரி கட்டி, இன்ஷூரன்ஸ் போட்டு ஓட்டுகிறவன் குற்றவாளி, எதுவும் இல்லாதவன் அப்பாவியா? கிளைம் இல்லாத வருஷங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அந்த நோ கிளைம் போனஸ் போனால் யார் தருவார்கள்?

வக்கீல் குமாஸ்தா:
நாலுசக்கரம் சார், இரண்டு விஷயத்தைக் குழப்புகிறீர்கள். குற்றம் வேறு, நஷ்டஈட்டுப் பொறுப்பு வேறு. நெதர்லாந்தின் 1994 சாலைப் போக்குவரத்துச் சட்டம், 185ஆம் பிரிவு, யாரையும் ஜெயிலுக்கு அனுப்புவதில்லை. சைக்கிள்காரருக்கு 14 வயது ஆகவில்லை என்றால் முழு நஷ்டமும் கார் தரப்புக்கு. 14க்கு மேல் என்றால், அவர் மேல் தவறு இருந்தாலும் குறைந்தது பாதி. வேண்டுமென்றே விழுந்தவருக்கும், அதற்கு நிகரான அலட்சியம் காட்டியவருக்கும் இந்தச் சலுகை இல்லை. சைக்கிள்காரர் அப்படி வருவார் என்று நினைத்தே பார்க்க முடியாத நிலை என்று கார்காரர் நிரூபித்தாலும் தப்பலாம். நிரூபிக்கும் சுமை அவருடையது, அவ்வளவுதான்.

பிரான்ஸின் 1985 ஜூலைச் சட்டம் இன்னும் ஒரு படி மேல். 16 வயதுக்குக் கீழும் 70க்கு மேலும் உள்ளவர்களுக்கு உடல் காயம் என்றால், தாங்களாகத் தேடிப்போய் விழுந்தால் ஒழிய, முழு ஈடு உண்டு. ஆனால் வளைந்த சைக்கிள் என்று வந்தால் அதே சட்டம் உங்கள் தவறையும் கணக்கில் எடுக்கும். உடம்புக்கு ஒரு நியாயம், இரும்புக்கு ஒரு நியாயம்.

இப்போது கிளிங்கிளிங்குக்குப் பிடிக்காத ஒன்று. அந்த டச்சுப் பிரிவு சாலையில் ஓட்டப்படும் வண்டியைப் பற்றியது. நிறுத்திய காரின் கதவுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆசைப்படும் சட்டமே உங்களுக்குக் கைகொடுக்குமா என்பது சந்தேகம். உங்களுக்கு அது தேவையும் இல்லை. 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 24ஆவது விதியே, பிறருக்கு ஆபத்தில்லை என்று பார்க்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்கிறது. பார்க்காமல் திறந்தார் என்று காட்டினால் அது சாதாரண அலட்சியம், எந்தக் கோர்ட்டும் புரிந்துகொள்ளும்.

நாலுசக்கரம்:
"காட்டினால்" என்கிறீர்கள் அல்லவா, அதைத்தான் நானும் சொல்கிறேன். பிரிட்டனில் தவறை நிரூபித்தால்தான் காசு. அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் உங்கள் பக்கம் துளி தவறு இருந்தாலே பொதுவாகச் சல்லிக்காசு கிடைக்காது. இன்னொன்று, ஹெல்மெட் போட்டிருந்தீர்களா?

கிளிங்கிளிங்:
இல்லை.

நாலுசக்கரம்:
பார்த்தீர்களா!

வக்கீல் குமாஸ்தா:
என்னத்தைப் பார்ப்பது? முறிந்தது காறை எலும்பு. ஹெல்மெட்டை அங்கேயா மாட்டுவார்கள்? பிரிட்டனில் 1975இல் சீட் பெல்ட் வழக்கு ஒன்றில் கோர்ட் போட்ட கணக்கு உண்டு: பெல்ட் போட்டிருந்தால் காயமே வந்திருக்காது என்றால் 25 சதவீதம் குறைப்பு, காயம் குறைந்திருக்கும் என்றால் 15. 2009 வழக்கில் அதையே சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் இழுத்துப் பார்த்தார்கள். கொள்கையளவில் குறைக்கலாம் என்றது கோர்ட். ஆனால் ஹெல்மெட் இருந்திருந்தால் காயம் மாறியிருக்கும் என்று எதிர்த்தரப்பு காட்டவில்லை, ஒரு பைசாகூடக் குறையவில்லை. நீங்கள் சொன்ன அமெரிக்க விதியையும் வாஷிங்டன் டி.சி. 2016இல் சைக்கிள்காரர், பாதசாரிகளுக்காகத் தளர்த்திவிட்டது.

மாஜி சர்வேயர்:
சட்டம் பேசுகிறவர்கள் பேசுங்கள். நான் வண்டிச் சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவன், எனக்குக் கதவைப் பார்க்க வேண்டும். கதவு அகலத் திறந்து நின்றிருந்து, பின்னாலிருந்து வந்தவர் இடித்தால் அடி பெரும்பாலும் உள்பக்க டிரிம்மில், அதாவது கதவின் உள் உறையில் விழும். கதவு முன்னோக்கி மடங்கி, அதை அளவோடு நிறுத்தும் ஸ்டாப்பர் பிய்ந்திருக்கும், முன் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டின் ஓரத்தைக் கதவு கடித்திருக்கும். அப்போதுதான் திறக்கத் தொடங்கிய கதவு என்றால் அடி பின் விளிம்பில் விழுந்து, கீறல் வெளித்தகட்டில் முன்பக்கமாக ஓடும், உள்ளே சுத்தமாக இருக்கும். மூடிய கதவை உரசியது என்றால் விளிம்பில் ஒன்றுமே இருக்காது. ஃபோட்டோ இருக்கிறதா?

கிளிங்கிளிங்:
அங்கிருந்த ஒரு அக்கா எடுத்துக் கொடுத்தது இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். கதவின் பின் விளிம்பில் என் கைப்பிடி ரப்பரின் கறுப்புத் தடம், அதிலிருந்து வெளிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்திருக்கிறது. உள்பக்க டிரிம்மில் கீறலே இல்லை. ஃபெண்டரும் அப்படியே இருக்கிறது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் மீட்டர் பதிவில் அந்த நேரத்தில் என் வேகம் 27 கிலோமீட்டர். பிரேக் பிடித்த அடையாளமே இல்லை.

நாலுசக்கரம்:
27! நிற்கும் கார்களை ஒட்டி அந்த வேகத்தில் வந்தால் உங்கள் மேலும் ஒரு பங்கு விழத்தானே வேண்டும்?

மாஜி சர்வேயர்:
விழலாம். ஆனால் கணக்கையும் போடுங்கள். 27 என்றால் நொடிக்கு ஏழரை மீட்டர். கண் பார்த்து விரல் பிரேக்குக்குப் போகவே கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். கதவு ரொம்ப நேரமாகத் திறந்திருந்தால் இவர் பிரேக்கைத் தொட்டிருப்பார், இல்லை ஒதுங்கியிருப்பார். தொடவே இல்லை என்பதுதான் கதவு திடீரென்று திறந்ததற்குச் சாட்சி. அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். வேகம் தெரிகிறதே என்று அழித்தால் அதைவிட மோசம்.

நாலுசக்கரம் கேட்ட நோ கிளைம் போனஸும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் அது தன் வண்டிக்கான சொந்தச் சேதப் பிரிவுக்கு மட்டும்தான், அடிபட்ட மூன்றாம் நபர் கேட்கும் கிளைமால் போகாது. பிரிட்டனில் போகலாம். கதவு ரிப்பேரை வழக்கமாக முதலில் அவரவர் சொந்தச் சேதப் பாலிசியில்தான் கேட்பார்கள். சைக்கிள்காரர் மேல் தவறு என்றால் கம்பெனி அவரிடம் திரும்ப வசூலிக்கப் பார்க்கும். ஜெர்மனியில் பலரும், தங்களால் பிறருக்கு நேரும் நஷ்டத்தை ஈடுகட்டும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருப்பது இந்த மாதிரிச் செலவுக்கும்தான்.

நாலுசக்கரம்:
சரி, இந்தக் கதவு கேஸில் விட்டுக்கொடுக்கிறேன். தடம் அப்படி இருக்கும்போது எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் "தானாகவே கார்காரர்" என்ற சட்டத்தை இன்னும் ஏற்கவில்லை. இங்கே உங்களைக் காப்பாற்றியது ஒரு ஃபோட்டோ, சட்டம் இல்லை.

வக்கீல் குமாஸ்தா:
அந்த அக்கா ஃபோட்டோ எடுக்காமல் போயிருந்தால்? எலும்பு முறிந்து கீழே கிடப்பவர் ஆதாரம் சேகரிக்க வேண்டும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் வாயால் மறுத்தால் போதும். சுமையை மாற்று என்று கேட்பது அதனால்தான்.

கிளிங்கிளிங், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "இறுதித் தீர்வு" என்றால் நாளைக்கு ஆபரேஷன் என்று வந்தாலும் பொதுவாகத் திரும்பக் கேட்க முடியாது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவையே பாருங்கள்: யார் தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். எலும்பு முறிவும் கொடுங்காயம்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு அற்றுப்போகும். சீக்கிரம் வரும் பணத்துக்கு அதுதான் விலை. காலக்கெடுவையும் விட்டுவிடாதீர்கள், இங்கிலாந்தில் உடல் காயத்துக்குப் பொதுவாக 3 வருஷம்.

கிளிங்கிளிங்:
கையெழுத்துப் போடவில்லை. எலும்பு டாக்டர் இன்னொரு எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றிருக்கிறார். இன்னொரு சந்தேகம். சைக்கிளுக்குப் புது ஃபோர்க் போட்டாயிற்று. வளைந்த பழையதை எடைக்குப் போடட்டுமா என்று மெக்கானிக் கேட்கிறார்.

மாஜி சர்வேயர்:
ஐயோ, போட விடாதீர்கள்! இன்றைக்கே வாங்கி வந்து ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். கைப்பிடி ரப்பரையும் சேர்த்து, அதில் கார் பெயின்ட் ஒட்டியிருக்கும். துடைத்துவிடாதீர்கள்.