நடுவில் கட்டாத ஐஸ் பார்

பாம்பன்காரன்:
பள்ளிக்கூடம் முடித்த கையோடு மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பெரிய தொட்டி நிறைய உப்புக் கரைசல் இருக்கும். அமோனியா ஓடும் குழாய்கள் அதை மைனஸ் 10 டிகிரி வரை குளிர வைக்கும். உப்பு இருப்பதால் கரைசல் மட்டும் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய கேன்களை இறக்குவோம். கேன் சுவரை ஒட்டித்தான் முதலில் கட்டும், அப்புறம் உள்ளே உள்ளே வரும். கட்டிய ஐஸே உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் போர்வையாகிவிடுவதால் கடைசி நடுப்பகுதிதான் ரொம்ப இழுக்கும். பார் என்கிற அந்த ஐஸ் கட்டியின் தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நாலு மடங்கு.

ஒரு வைகாசியில் லாரித் தண்ணீர் வரவில்லை. காலையில் படகுகளுக்கு ஐஸ் வேண்டும். வேறு வழியில்லாமல் போர்வெல் தண்ணீரை ஊற்றினோம். நம்ம பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் பாரைத் தட்டினால் நடுவில் கஞ்சி மாதிரி கொழகொழவென்று கிடந்தது. வயதான சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) ஒருவர் ஓரத்துத் துண்டையும் நடுப்பகுதியையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஓரம் பரவாயில்லை தம்பி, உள்ளேதான் கடல் இருக்கு" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. ஐஸ் படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை. உறைய உறைய அது உப்பை நடுவுக்குத் தள்ளும். அங்கே உப்பு ஏற ஏற உறைநிலை இன்னும் கீழே இறங்கும். அந்த ஐஸ் சீக்கிரமே உருகி, இரண்டு படகு இறால் கெட்டுப்போனது. அந்தப் படகுக்காரர்கள் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நல்ல தண்ணீர் பாரிலும் நடுவில் வெள்ளையாக இருக்கும். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் கொஞ்சம் தாதுக்களும். உறையும்போது குழாய் விட்டுக் காற்று ஊதிக்கொண்டே இருந்தால் கண்ணாடி மாதிரி வரும்.

கீழக்கரைப் பெண்:
வாப்பா குல்பி விற்றவர். பானையில் ஐஸை உடைத்துப் போட்டு, மேலே கல்லுப்பைத் தூவி, தகரக் குப்பிகளைச் செருகுவார். உப்பு பட்டதும் ஐஸ் உருகும். அப்படி உருக ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பம் வேண்டும், அதைப் பால் குப்பியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். சரியான அளவில் கலந்தால் மைனஸ் 21 வரை இறங்கும். சின்ன வயதில் ஈரக் கையால் குப்பியைத் தொட்டு விரல் ஒட்டிக்கொண்டது, உம்மா தண்ணீர் ஊற்றித்தான் எடுத்தார்கள். உப்பைக் குறைத்த அன்று குல்பி கட்டவே கட்டாது.

தொண்டி டீச்சர்:
பச்சைத் தண்ணீரைவிட வெந்நீர் சீக்கிரம் உறையுமா என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். 1963இல் இன்றைய தான்சானியாவில் பள்ளி மாணவராக இருந்த எராஸ்டோ ம்பெம்பா ஐஸ்கிரீம் செய்யும்போது கவனித்த விஷயம் இது. 1969இல் இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னுடன் சேர்ந்து கட்டுரையாக எழுதினார். 2016இல் பரிட்ஜ், லிண்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கவனமாக அளந்து பார்த்து, சான்று கிடைக்கவில்லை என்றார்கள். நாங்கள் என் வீட்டு ஃப்ரீசரில் இரண்டு டம்ளர் வைத்தோம். மூன்று முறையில் இரண்டு முறை பச்சைத் தண்ணீர்தான் முந்தியது. ஒரு முறை வெந்நீர் முந்தியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத்தான் காரணம் பிடிபடவில்லை.

அதே வாரம் இன்னொன்று. ஃப்ரீசரில் அசையாமல் கிடந்த கேன் தண்ணீர் பாட்டில், தண்ணீராகவே இருந்தது. கையில் எடுத்துத் தட்டினேன், மேலிருந்து கீழ்வரை ஊசி ஊசியாக உறைந்துகொண்டே போனது! படிகம் தொடங்க ஒரு தூசியோ கீறலோ வேண்டும். அது இல்லாவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழேயும் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும்.

பாம்பன்காரன்:
டீச்சர், வெந்நீர் முந்திய அந்த முறை ஃப்ரீசர் தட்டில் பனி படிந்திருந்ததா? சூடான டம்ளர் பனியை உருக்கி அடியில் இருக்கும் உலோகத்தோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் டம்ளர் பனி மேலேயே நிற்கும், பனி குளிரை மறைக்கும். அடுத்த முறை இரண்டையும் ஒரே மரப்பலகை மேல் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் என்ன கண்டார்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.