மென்பொருள் பயிற்சி வடிவமைப்பில் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எக்செல் போன்ற கணக்குத்தாள் மென்பொருளை முதன்முறையாகத் தொடுபவர்களுக்காக ஒரு பயிற்சியை உருவாக்கி வருகிறேன். திரையை மங்கலாக்கி, அழுத்த வேண்டிய பொத்தானை மட்டும் அம்புக்குறியால் காட்டும் வழக்கமான முறைதான்.

சென்ற வாரம் கற்பவர் ஒருவரின் அருகில் அமர்ந்து பார்த்தேன். 12 படிகளையும் தடங்கலின்றி முடித்தார். பிறகு வெற்றுத் தாளைத் திறந்து, நான்கு எண்களைக் கூட்டச் சொன்னேன். சுட்டி அங்குமிங்கும் அலைந்து நின்றுவிட்டது. அம்புக்குறியைப் பின்தொடர மட்டுமே கற்றுத்தந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மனம் மிகவும் கனத்துப்போனது.

1980களில் ஐபிஎம் ஆய்வாளர் ஜான் கேரல் வேறொரு வழியைச் சோதித்தார்: புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் வசதிகளைப் பூட்டிவிட்டு, உண்மையான வேலையைச் செய்யவிடுவது. சைக்கிளின் துணைச் சக்கரங்களைப் போல. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. எனவே இப்போது "இந்தச் செலவுகளின் மொத்தத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று இலக்கை மட்டும் தருகிறேன்.

சிக்கல் இங்கேதான். சிலர் கூட்டல் சூத்திரம் எழுதுகிறார்கள். சிலர் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கூட்டல் குறியால் இணைக்கிறார்கள். ஒருவர் மனக்கணக்குப் போட்டு விடையைத் தட்டச்சு செய்துவிட்டார்! எண் சரி, ஆனால் ஒரு செலவை மாற்றினால் மொத்தம் அசையாது. இதை "தவறு" என்று சொல்லாமல் எப்படி உணர்த்துவது? பயிற்சியே ஒரு செலவை மாற்றிக் காட்டலாமா, கற்பவரையே மாற்றச் சொல்லலாமா?

இன்னொன்று: கற்பவர் கை ஓய்ந்திருக்கும்போது, யோசிக்கிறாரா, தடுமாறுகிறாரா என்பதை எதை வைத்துக் கண்டறிந்து குறிப்புத் தருகிறீர்கள்? இப்படிப்பட்ட பயிற்சிகளை வடிவமைத்தவர்கள் தயவுசெய்து உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.