‘ஸ்பெக் டிரிவன் டெவலப்மென்ட்’: வரையுரைவழி உருவாக்கம் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மென்பொருள் எப்படி நடக்கவேண்டும் என்பதை முதலில் விரிவாக எழுதிவைத்து, அந்த எழுத்திலிருந்து ஏஐயை நிரல் எழுதவைக்கும் முறைதான் ‘ஸ்பெக் டிரிவன் டெவலப்மென்ட்’. இதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: விவரக்குறிப்பு உந்து உருவாக்கம், தேவைவழி நிரலாக்கம், முன்வரைவு நிரலாக்கம். மூன்றையும் ஒரு வாரமாக என் அன்றாட வேலையில் சொல்லியும் எழுதியும் பார்த்தேன். மூன்றுமே நெருடுகின்றன. முதலாவதில் இருக்கும் நெருடல்தான் பெரியது. அதைச் சொல்லத்தான் இந்த மடல், கொஞ்சம் நீளமாகவே போகும்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி ‘வைப் கோடிங்’ என்ற தொடரைப் புழக்கத்தில் விட்டார். என்ன வேண்டும் என்று பேச்சுவாக்கில் ஏஐயிடம் சொல்வது, அது தரும் நிரலைப் படிக்காமலே ஏற்றுக்கொள்வது, பிழை வந்தால் அந்தப் பிழைச்செய்தியையே எடுத்து மறுபடி ஒட்டுவது என்பது அவர் விவரித்த முறை. வார இறுதியில் செய்து பார்த்துத் தூக்கிப்போடும் சிறு வேலைகளுக்கு இது பரவாயில்லை என்றுதான் அவரும் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் அமேசானின் கிரோ என்ற ஏஐ நிரலாக்கக் கருவி வெளிவந்தது. அது நிரலில் கைவைக்கும் முன் தேவைகள், வடிவமைப்பு, பணிகள் என்று மூன்று கோப்புகளை எழுதவைக்கிறது. செப்டம்பரில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் வெளியிட்ட ஸ்பெக் கிட் என்ற கருவியும் ஏறக்குறைய இதே பாதைதான். என்ன செய்யவேண்டும் என்பதை எழுது, எப்படி என்று திட்டமிடு, பணிகளாகப் பிரி, அப்புறம்தான் நிரல். இந்த முறையில் காக்கப்படவேண்டியது எழுத்து. நிரலை எப்போது வேண்டுமானாலும் அந்த எழுத்திலிருந்து மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம்.

இது எனக்கு உறைத்தது ஒரு சின்ன வேலையில்தான். இரண்டு கலைச்சொல் பட்டியல்களை ஒன்றாகச் சேர்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. ஏஐ உதவியாளரிடம் இப்படிச் சொன்னேன்: “இரண்டு பட்டியலையும் சேர். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் ஒன்றை மட்டும் வை.” படிக்கும்போது ஒரு குறையும் தெரியாத வாக்கியம். வந்த பட்டியலில் ‘கொள்கலன்’ இரண்டு முறை இருந்தது. உற்றுப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. காரணம், கணினியில் எழுத்துகளுக்குக் குறியீட்டெண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடு) இருந்தது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இது தெரிந்த குறை. கண்ணில் படாத குறை இன்னொன்று இருந்தது. உண்மையிலேயே ஒரே சொல்லாக இருந்த இடங்களில் முதல் பட்டியலின் விளக்கத்தை வைத்துக்கொண்டு, இரண்டாவதன் விளக்கத்தைச் சத்தமில்லாமல் நீக்கியிருந்தது. எதை வைப்பது, எதை நீக்குவது என்று நான் சொல்லவில்லை. அது கேட்கவும் இல்லை. ஒன்றை முடிவுசெய்துகொண்டு மேலே போய்விட்டது.

மறுபடி உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். ஒப்பிடும் முன் இரு பக்கத்துச் சொற்களையும் ஒரே ஒருங்குறி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சொல் ஒன்றாகவும் விளக்கம் வேறாகவும் இருந்தால் இரண்டு விளக்கங்களையும் வைக்க வேண்டும். எதையும் நீக்கினால் அதைத் தனிக் கோப்பில் பதிய வேண்டும். இப்படிப் பன்னிரண்டு வாக்கியங்கள். கருவி சரியாக வந்தது. சில மாதம் கழித்து அதையே வேறொரு நிரல்மொழியில் செய்யவேண்டி வந்தபோது, பழைய நிரலைத் திறக்கவே இல்லை. அந்த ஒரு பக்கத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இனி ‘விவரக்குறிப்பு’. இயந்திரத்தின் எடை, நீளம், மின்னழுத்தம் ஆகியவற்றைப் பட்டியலிடும் தாளுக்கு அது நல்ல சொல். அங்கிருந்து அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ‘குறிப்பு’ என்பதற்குத் தமிழில் ஓர் ஆழமான பொருள் இருக்கிறது. சொல்லிலேயே பொருள் விளங்கினால் அது வெளிப்படை. சூழலைப் பார்த்துக் கேட்பவர் உய்த்துணர வேண்டியிருந்தால் அது குறிப்பு. இலக்கணம் சொற்களை இப்படித்தான் பிரிக்கிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று என்று இரண்டு அதிகாரங்களுக்கு இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லாததை அறிவது அங்கே பெருந்திறமை. மனிதரோடு மனிதர் வேலை செய்யும்போது இன்றும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து பல ஆண்டு வேலை செய்தவர் நான் பாதி சொல்லும்போதே மீதியைப் புரிந்துகொள்வார், சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்த்துக் கேட்பார்.

ஏஐ உதவியாளரும் குறிப்பறியத்தான் பார்க்கிறது. ஆனால் என் மனத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. உலகத்தில் பெரும்பாலோர் எழுதியிருப்பதை வைத்து ஊகிக்கிறது. ஊகித்த இடம் எது, நான் சொன்ன இடம் எது என்று வந்த நிரலில் வேறுபாடும் தெரிவதில்லை. அதனால்தான் சொல்லாமல் விட்டதையெல்லாம் வெளிப்படையாக எழுதும் இந்த முறையே உண்டானது. குறிப்பை ஒழிப்பதற்காக வந்த ஒன்றுக்குப் பெயரிலேயே குறிப்பை வைப்பது சரியாகப் படவில்லை. இன்னும் சொன்னால், ‘குறிப்புவழி நிரலாக்கம்’ என்பது வைப் கோடிங்குக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. குறிப்பைக் காட்டிவிட்டு மீதியை அதன் ஊகத்துக்கு விடுவதுதானே அங்கே நடப்பது? முன்பு அதற்கு ‘மனப்போக்கு நிரலாக்கம்’ என்றார்கள். அதைவிட இது நன்று என்பது என் எண்ணம்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘தேவை’ இந்த எழுத்தின் ஒரு பகுதி மட்டும். எல்லைகள், செய்யக்கூடாதவை, பிழை நேர்ந்தால் நடக்கவேண்டியவை ஆகியவையும் இதில் அடங்கும். ‘வரைவு’ என்றால் இன்று இறுதியாகாத ஒன்று என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். இங்கே நிலைக்கப்போவது அந்த எழுத்துதான் என்பதால் பொருள் தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை ‘வரையுரை’. வரைதல் என்பதற்கு எழுதுதல் என்றும் பொருள், எல்லை கட்டுதல் என்றும் பொருள். வரையறையில் இருக்கும் அதே வரை. எழுதி எல்லை கட்டும் உரை என்று இரண்டு பொருளும் ஒரே வேரில் கிடைக்கிறது. அத்தோடு இது வினைத்தொகை. வரைந்த உரை, வரைகின்ற உரை, வரையும் உரை என்று மூன்று காலத்துக்கும் விரியும். வேலை நடக்க நடக்கத் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் ஆவணத்துக்கு இது மிகவும் ஏற்றது. ‘வரையறை’யோடு குழம்பாதா என்று கேட்கலாம். காதுக்கு நெருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரையறை ஒரு சொல்லின் பொருளைக் கட்டுகிறது, வரையுரை ஒரு மென்பொருளின் நடத்தையைக் கட்டுகிறது. உறவுள்ள இரு பொருள்களுக்கு உறவுள்ள இரு சொற்கள் இருந்தால் கெடுதல் இல்லை. ‘முதல்நூல்’ என்று சொல்லி, நிரலை அதன் ‘வழிநூல்’ ஆக்கலாமா என்றும் யோசித்தேன். தொல்காப்பியத்தின் மரபியல் தரும் அழகான இணை அது. ஆனால் முதல்நூல் என்றால் இன்று மூல ஆதாரம் என்றே கொள்வார்கள். விட்டுவிட்டேன்.

‘டிரிவன்’ என்பதற்கு ‘உந்து’ வேண்டாம். உந்துவது பின்னாலிருந்து தள்ளுவது. இந்த எழுத்து தள்ளவில்லை, போகும் வழியாக இருக்கிறது. ‘வழி’ போதும். கடைசியில் ‘நிரலாக்கம்’ என்பதற்குப் பதில் ‘உருவாக்கம்’ என்றேன், ஏனென்றால் இங்கே மனிதர் பெரும்பாலும் நிரல் எழுதுவதே இல்லை. ஆக, வரையுரைவழி உருவாக்கம்.

நல்ல வரையுரை எது என்ற கேள்விக்கும் நம்மிடம் சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன. இதைத்தான் நான் மிகவும் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். என் முதல் வாக்கியத்தில் இருந்தது ‘குன்றக் கூறல்’. எதை நீக்குவது என்ற செய்தியே அதில் இல்லை. ‘ஒரே சொல்’ என்றது ‘மயங்க வைத்தல்’, கண்ணுக்கு ஒன்றா, குறியீட்டுக்கு ஒன்றா என்று தெரியாது. மூன்றாம் பக்கம் ஒன்றும் எட்டாம் பக்கம் வேறொன்றும் சொன்னால் ‘மாறுகொளக் கூறல்’. ஏஐ அந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும், எதை எடுத்தது என்றும் சொல்லாது. ‘கூறியது கூறல்’ சிறு குற்றம்போலத் தெரியும். ஆனால் ஒரே விதியை இரண்டு இடத்தில் எழுதி, பின்னால் ஓரிடத்தில் மட்டும் திருத்தினால் அதுவே மாறுகொளக் கூறலாகிவிடும். ‘மிகைபடக் கூறல்’ ஏஐயின் சொந்தக் குற்றம். வரையுரையை எழுதித் தரச் சொன்னால் கேட்காத வசதிகளையெல்லாம் சேர்த்து நாற்பது பக்கம் தரும். அதைப் படிக்காமல் ஒப்புக்கொண்டால் மீண்டும் குறிப்புவழிதான். வரையுரையைச் சரிபார்க்கும்போது இந்தச் சொற்களையே பிழைவகைகளாக நான் பயன்படுத்துகிறேன். புதிதாக ஒன்றும் ஆக்கத் தேவைப்படவில்லை.

தமிழில் வரையுரை எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பற்றி. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தர ஆவணம், இணைய நெறிமுறைகளில் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் மூன்றையும் எந்தச் சொல்லால் எழுதுவது என்று வரையறுத்தது. நமக்கும் அப்படி ஒன்று தேவை. ‘கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம்’ என்றால் சேமிப்பது தவறா, அல்லது சேமிக்காவிட்டாலும் பரவாயில்லையா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். நான் ‘வேண்டாம்’ என்பதையே வரையுரையில் விலக்கிவிட்டேன். தடைக்கு ‘கூடாது’, கட்டாயமின்மைக்கு ‘தேவையில்லை’, கட்டாயத்துக்கு ‘வேண்டும்’, விருப்பத்துக்கு ‘-லாம்’. பரிந்துரைக்கு ‘நன்று’ என்று வைத்திருக்கிறேன், அதில் முழு நிறைவு இல்லை.

வாக்கிய அமைப்பையும் பார்க்கவேண்டும். சோதனைகளை எழுதும் கெர்கின் மொழியில் தமிழ்ச் சொற்களும் உண்டு: கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது. நல்ல முயற்சி. ஆனால் ‘எப்போது பயனர் பொத்தானை அழுத்துகிறார்’ என்று எழுதினால் அது கேள்வியாகிவிடுகிறது. தமிழில் நிபந்தனை வினையின் முடிவில்தான் வரும்: ‘பயனர் பொத்தானை அழுத்தினால்’. ரோல்ஸ்ராய்ஸில் உருவாகி 2009இல் வெளியான ‘இயர்ஸ்’ என்ற வாக்கிய வார்ப்புகளைத்தான் கிரோவும் தேவைகளை எழுதப் பயன்படுத்துகிறது. அதைத் தமிழாக்கும்போதும் இதே சிக்கல் வரும். முன்னால் ஒரு சொல்லை ஒட்டாமல், ‘-ஆல்’, ‘-போது’, ‘-வரை’ என்ற முடிவுகளை வைத்தே வார்ப்புகள் செய்யலாம். மூன்றை வைத்திருக்கிறேன்:

‘பயனர் கோப்பை நீக்கினால், கருவி அதை முப்பது நாள் வைத்திருக்க வேண்டும்.’
‘பதிவேற்றம் நடக்கும்போது, இரண்டாவது பதிவேற்றத்தைத் தொடங்கக் கூடாது.’
‘இணைப்பு திரும்பும்வரை, மாற்றங்களைச் சாதனத்திலேயே வைக்கலாம்.’

இவற்றை ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தேன், தடுமாறவில்லை.

‘வரையுரை’ உங்கள் நாக்கில் எப்படி உட்காருகிறது என்று சொல்லுங்கள். ‘வரையுரையைத் திருத்து’, ‘வரையுரைப்படி இல்லை’, ‘இது வரையுரையில் எங்கே இருக்கிறது?’ என்று வேலைக்கு நடுவில் பேசிப் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்றுக்கும் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். வரையுரையைத் திருத்தாமல் நிரலை மட்டும் திருத்திவிட்டு, இரண்டும் மெல்ல மெல்ல விலகிப்போவதை ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். ‘பிறழ்வு’ என்றால் திடீரென்று நடந்ததுபோல இருக்கிறது. ‘விலகல்’ புள்ளியியலில் ஏற்கெனவே இருக்கிறது. ‘நழுவல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் மனம் ஒப்பவில்லை.

அன்புடன்.