செம்பருத்தி எறும்பு குளோசப்: கண் மட்டும் ஷார்ப், மற்றதெல்லாம் மங்கல்

கேள்வி:
வணக்கம். கேனன் கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ். நடுவில் 13, 21, 31 எம்எம் எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தி, மிக அருகில் ஃபோகஸ் செய்ய உதவுவது) மூன்றும் மாட்டியிருக்கிறேன். மின் தொடர்பு இல்லாத வெறும் உலோக வளையங்கள். செம்பருத்தி மொட்டில் மாவுப்பூச்சியை மொய்க்கும் கட்டெறும்புகளை எடுக்கிறேன். ஒரு கண் தெளிவு, உணர்கொம்பும் வயிறும் கரைந்துபோகின்றன. அப்பெர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) 00 என்றே காட்டுகிறது. பிளாஷ் போட்டால் முதுகில் வெள்ளைத் திட்டு, பின்னணி கன்னங்கறுப்பு. லென்ஸ் பழுதா?

பதில்:
லென்ஸில் குறை இல்லை. 00 என்றால் கேமராவுக்கு லென்ஸோடு பேச்சு இல்லை என்று பொருள், அதனால் அப்பெர்ச்சர் எஃப்/1.8-லேயே முழுதாகத் திறந்து நிற்கிறது (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும், ஆழம் கூடும்). 50 எம்எம் லென்ஸுக்கு 65 எம்எம் டியூப் என்றால் 1.3 மடங்கு உருப்பெருக்கம். அங்கே ஃபோகஸில் நிற்கும் ஆழம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். எறும்பின் தலைக்கே அது போதாது.

முதலில் 31 எம்எம் டியூபை மட்டும் வையுங்கள். 0.62 மடங்கு கிடைக்கும், பூச்சியிடமிருந்து சற்று விலகியும் நிற்கலாம். பிறகு இப்படிச் செய்யுங்கள்:

லென்ஸை நேரடியாக கேமராவில் மாட்டி, ஃபோகஸை இன்ஃபினிட்டிக்கு (மிகத் தொலைவுக்கு) கொண்டுபோங்கள். எஸ்டிஎம் வகை லென்ஸில் ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில்தான் ஓடும், டியூபுக்குப் போனபின் திருப்பிப் பயனில்லை. எஃப்/8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவியூ பட்டனை (அப்பெர்ச்சரை மூடிக் காட்டும் கேமரா பட்டன்) அழுத்திப் பிடித்தபடியே, கேமரா ஆனில் இருக்கும்போதே லென்ஸைக் கழற்றுங்கள். லென்ஸுக்குள் இருக்கும் அப்பெர்ச்சர் இதழ்கள் எஃப்/8-லேயே நின்றுவிடும். இப்போது ஆழம் 1.3 மில்லிமீட்டரைத் தொடும். எஃப்/16-க்குப் போக ஆசை வரும், வேண்டாம். உருப்பெருக்கம் கூடக்கூட உண்மையான எஃப் எண்ணும் ஏறும். 0.62 மடங்கில் எஃப்/11 என்பது கிட்டத்தட்ட எஃப்/18, அதற்கு மேல் டிஃப்ராக்ஷனால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுக்க மழுங்கும்.

இன்னொருவர்:
நிக்கான் ஜி லென்ஸ் (அப்பெர்ச்சர் வளையம் இல்லாதது) வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதைக் கழற்றினால் மிகச் சிறிய அப்பெர்ச்சருக்கு மூடிக்கொள்ளும், வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய டி லென்ஸ்தான் இந்த டியூபுக்கு ஏற்றது.

வெள்ளைத் திட்டுக்குக் காரணம் பிளாஷின் சிறிய முகம். கட்டெறும்பின் உடல் கறுப்புக் கண்ணாடி மாதிரி, விளக்கை அப்படியே காட்டும். டிரேசிங் பேப்பரை வளைத்து லென்ஸ் முனைக்கு மேலே பூச்சியை ஒட்டிக் குடைபோலக் கட்டுங்கள். பிளாஷுக்கும் தாளுக்கும் 5 செ.மீ.யாவது இடைவெளி விட்டால்தான் ஒளி தாள் முழுதும் பரவும். மேனுவல் மோட், 1/200, ஐஎஸ்ஓ 200, பிளாஷ் சக்தி 1/8-ல் தொடங்கிப் பாருங்கள். பின்னணி கறுப்பாவது, பிளாஷ் ஒளி தூரத்துக்குப் போகாததால். மொட்டுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு பச்சை இலை இருந்தாலே போதும்.

கேள்வி கேட்டவர்:
வயிறு வரை இப்போது தெரிகிறது, மிக்க நன்றி! ஆனால் செம்பருத்தி இதழ் ஒரே சிவப்புப் பூச்சாக இருக்கிறது, நரம்பே இல்லை. கை ஆட்டத்தில் பத்துக்கு எட்டுப் படம் வீண்.

பதில்:
சிவப்புச் சேனல் (படத்தின் சிவப்பு நிறப் பதிவு) நிரம்பி வழிகிறது. சாதாரண ஹிஸ்டோகிராமில் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் ஒளியை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) குறையுங்கள், ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள்.

கை ஆட்டத்துக்கு: இடது கையால் காம்பைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். காற்றில் காம்பு ஆடினால் லென்ஸும் கூடவே ஆடும். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பை மட்டும் இம்மி இம்மியாக முன்னே நகர்த்தி, கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள்.

ஓடும் எறும்பைத் துரத்தாதீர்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் நகராது, ஃபோகஸை அதன் மேல் வைத்துக் காத்திருங்கள். எறும்பு வந்து உணர்கொம்பால் தட்டும், பூச்சியின் பின்புறம் ஒரு தேன்துளி திரளும். அதைக் குடிக்கிற சில நொடிகள் எறும்பு அசையாது. உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது. பூச்சி அசையாமலிருக்க ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
கடைசியாக ஒன்று. கழற்றிய லென்ஸில் அப்பெர்ச்சர் மூடியபடியே இருக்கிறதே?

பதில்:
கேமராவில் நேரடியாக மாட்டி ஆன் செய்யுங்கள், திறந்துகொள்ளும்.