பாஸ்பேட் எதிரி வேண்டாம், இடஞ்சுட்டெதிரி என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாஸ்போ ஆன்டிபாடிக்கு, அதாவது புரதத்தில் பாஸ்பேட் ஏறிய இடத்தை அடையாளம் காணும் ஆன்டிபாடிக்கு, தமிழில் ‘பாஸ்பேட் எதிரி’ என்ற முன்மொழிவைப் பார்த்தேன். சுருக்கம்தான், ஆனால் பொருள் தவறுகிறது. ஒரு முதலாண்டு மாணவியிடம் இதைச் சொன்னபோது, புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் ஏதோ ஒன்று என்று புரிந்துகொண்டார். அது பாஸ்படேஸ் என்ற நொதி செய்கிற வேலை. நாம் பேசுவது எதையும் கழற்றுவதில்லை, பாஸ்பேட் ஏறிய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு ‘இதோ இங்கே’ என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

எஃப்ஏகே-யை, அதாவது ஃபோக்கல் அட்ஹீஷன் கைனேஸ் என்ற புரதத்தை, எடுத்துக்கொள்வோம் (கைனேஸ் என்பது பாஸ்பேட்டை ஏற்றும் நொதி). செல் தன் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற புரதம் வழியாக, வெளியே இருக்கும் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டதும் எஃப்ஏகே-யின் 397ஆவது இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுகிறது, ஸார்க் கைனேஸ் வந்து சேர்வதும் அந்த இடத்தில்தான். செல்லைத் தட்டிலிருந்து பெயர்த்து மிதக்கவிட்டால் பாஸ்பேட் குறைந்துவிடும். புரதம் அதேதான், மாறியது அதன் நிலை மட்டுமே. கூடுகிற எடை ஏறத்தாழ 80 டால்டன், புரதமோ 125 கிலோடால்டன், அதனால் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துச் சவ்வில் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை எங்கே நிற்கிறது என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இந்த நிலையை நமக்குக் காட்டுவது பாஸ்பேட்டையும் அதன் இருபுற அமினோ அமிலங்களையும் சேர்த்தே அடையாளம் காணும் ஆன்டிபாடி. அதைத் தயாரிக்கும்போதும் பாஸ்பேட் இல்லாத பெப்டைடில் ஒட்டுவதையெல்லாம் வடிகட்டித் தள்ளிவிடுகிறார்கள். பெயரில் அந்த ‘இடம்’ வராவிட்டால் பாதிப் பொருள் போய்விடும்.

அதனால்தான் இலக்கணத்திலிருந்து ‘சுட்டு’ என்பதை எடுக்கலாம் என்கிறேன். பாஸ்பேட்டு இடஞ்சுட்டெதிரி. ‘எதிரி’ இங்கே ஆன்டிபாடிக்கான தமிழ்ச்சொல்லான பிறபொருளெதிரியின் கடைசிப் பகுதி, முன்னால் சுட்டு நிற்பதால் அழிக்கும் பொருள் வராது. எதிர்ப்பொருள் என்று வைத்தால் இயற்பியலார் ஆன்டிமேட்டருக்கு எழுதும் சொல்லோடு மோதும். இன்னொரு வசதியும் உண்டு: எந்தப் புரதமானாலும் பாஸ்பேட் ஏறிய டைரோசினை எல்லாம் பிடிக்கிற வகை 1981லேயே வந்துவிட்டது, அதைப் பொதுச்சுட்டெதிரி என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

அப்புறம், செல்கள் பற்றிக்கொள்ள உதவும் அட்ஹீஷன் புரதங்களுக்குச் சொல்லப்படும் ‘ஒட்டுப்புரதம்’. படித்தவுடன் பசைதான் நினைவுக்கு வருகிறது, ஒட்டுச்செடியும் வருகிறது. இன்டெக்ரினும் கேடரினும் பசையில்லை, செல் நகரும்போது ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் விடுகிறது. செல்பற்றுப் புரதம் என்றால் அந்தப் பிடிப்பும் விடுப்பும் இயல்பாக வந்துவிடும். செல் தரையைப் பற்றும் புள்ளியான ஃபோக்கல் அட்ஹீஷன், பற்றுப்புள்ளி ஆகிவிடும். பாஸ்பேட் ஏறுவதற்கும் கழல்வதற்கும் பாஸ்பேட்டேற்றம், பாஸ்பேட்டிறக்கம் என்று முன்பே வந்த இணை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

சொல் நிற்குமா என்பது செய்முறைக் குறிப்பில் தெரிந்துவிடும், எழுதிப் பார்த்தேன்: “இடஞ்சுட்டெதிரி பயன்படுத்தும்போது, சவ்வின் வெற்றிடங்களை மூடப் பால்பொடிக்குப் பதில் மாட்டுச் சீரம் ஆல்புமின் எடுங்கள், பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். ஒரு பிளாட்டை லாம்டா பாஸ்படேஸில் வைத்துப் பாருங்கள், பட்டை மறையாவிட்டால் அந்த இடஞ்சுட்டெதிரியை நம்ப வேண்டாம்.” வாய்விட்டுப் படித்தேன், எங்கும் இடறவில்லை.

குப்பியின் மேல் எழுத ‘எஃப்ஏகே டைரோசின்-397 இடஞ்சுட்டெதிரி’ சரியாக வரும் என்று நினைக்கிறேன். ஒரே புரதத்தில் இரண்டு இடங்களில் பாஸ்பேட் ஏறினால் மட்டுமே ஒட்டுகிற வகைக்கு ‘இருமைச்சுட்டெதிரி’ வரை யோசித்தேன், மனம் ஒப்பவில்லை. ஆய்வகத்தில் இதைக் கையாள்பவர்கள் யாராவது வேறு சொல் தந்தால் நன்றாக இருக்கும்.