விறகடுப்பு பருவநிலைக்கு நல்லதா, கெட்டதா?

களத்துமேடு:
மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவைத்தான் விறகு எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது. மண்ணுக்கடியில் கிடக்கும் எண்ணெயைத் தோண்டி எரிப்பதும் இதுவும் ஒன்றா? விறகு வேண்டாமென்றால் மாட்டுச் சாணம் இருக்கிறது: நேபாளத்தில் 1992இல் தொடங்கிய சாண எரிவாயுத் திட்டம் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏழை நாட்டுக் கிராமங்களைச் சிலிண்டருக்குப் பழக்கிவிட்டு, அப்புறம் புவி வெப்பத்தைப் பற்றிப் பேசுவதில் என்ன நியாயம்?

ஊதுகுழல்:
கணக்கு சரிதான் அண்ணா, ஆனால் வெட்டின அளவுக்கு மரம் திரும்ப வளர வேண்டுமே. விறகுக்காக வெட்டுவதில் 27 முதல் 34 சதவீதம் அப்படி ஈடாவதில்லை என்று 2015இல் வந்த உலக அளவிலான ஆய்வு சொன்னது. தெற்காசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நிலைமை இன்னும் மோசம்.

அடுப்பில் விறகு முழுசாக எரிவதும் இல்லை. ஈர விறகை வைத்து ஊதிப் பாருங்கள். முதலில் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை, பிறகு பாத்திரத்தின் அடியில் கையில் ஒட்டும் கரி. அந்தப் புகையில் மீத்தேனும் இருக்கிறது, கரித்துகளும் இருக்கிறது. கரித்துகள் பனிமலையில் படிந்தால் வெயிலை உறிஞ்சிப் பனியை உருக்கும். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அம்மாவின் இருமலைக் கேட்டே வளர்ந்தவள் நான். இதைப் பசுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

களத்துமேடு:
புகை குறைவாக வரும் அடுப்புகள் இருக்கின்றனவே, சகோதரி?

ஊதுகுழல்:
ஆப்பிரிக்க நாடான மலாவியில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து அதைச் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது: குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. விறகு மிச்சமாகலாம், நுரையீரலுக்கு அது போதவில்லை.

கொத்துக்கரண்டி:
நான் சாண எரிவாயுக் கலன் கட்டுகிறவன். 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும், அதே அளவு தண்ணீரும் வேண்டும். நாலைந்து மாடு இல்லாமல் ஆகாது. கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கலன் காய்ந்து கிடக்கும். குளிர் கூடினால் வாயு ஊறாது.

கசிவையும் சொல்லணும். வால்வில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும், பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கசிவது பெரும்பாலும் மீத்தேன்; அது 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கு மேல் சூடாக்கும். ஆனால் ஒழுங்காகப் பராமரித்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. வெளியே வரும் கழிவும் நல்ல உரம்.

களத்துமேடு:
கசிவை அடைக்கலாம். சிலிண்டர் தீர்ந்து கையில் காசில்லாத வாரம் அந்த வீட்டுப் பெண் என்ன செய்வார்? திரும்பவும் விறகுக்குத்தான் போவார். புகையும் வரும், கடனும் வரும்.

ஊதுகுழல்:
அதை மறுக்கவில்லை. மானியம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். ஆனால் 2023இல் சர்வதேச எரிசக்தி முகமை போட்ட கணக்கைப் பாருங்கள். 2030க்குள் எல்லா வீட்டுக்கும் புகையில்லாத சமையல் கிடைத்தால் வெப்ப வாயுக்கள் சுமார் 150 கோடி டன் குறையும். அதில் கிட்டத்தட்டப் பாதி வீடுகளுக்கு எரிவாயு சிலிண்டர்தான். பெட்ரோலியத்தில் வந்தது என்றாலும் மொத்தத்தில் குறைகிறது.

களத்துமேடு:
சரி, அந்தக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் மாடும் தண்ணீரும் இருக்கிற வீட்டில் கலனை மூடிவிட்டுச் சிலிண்டர் கொடுப்பதற்கு ஒப்ப மாட்டேன்.

ஊதுகுழல்:
அதை நானும் கேட்கவில்லை அண்ணா. மாடே இல்லாத வீட்டுக்குத்தான் கேட்கிறேன்.